நெருக்கி விதைத்தால் நிறைய விளையுமா?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் கையில் உள்ள விதைநெல், வயிற்றைக் கட்டி ஒதுக்கிவைத்த சோறு. ஆகவே, ஏக்கருக்கு எத்தனை புசல் விதைப்பது என்பதையும், நெல்லுக்குப் பின் என்ன பயிரிடுவது என்பதையும் நாம் நன்கு சிந்தித்தே தீர்மானிக்க வேண்டும்.

விதையின் அளவு

வீசி விதைக்கும் நெல்லுக்கு ஹெக்டெயருக்கு 100 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 2 புசல் விதை போதுமானது. பலர் 4 புசல் வரை வீசுகின்றனர். களை அடங்கும், குருவி தின்றாலும் மிஞ்சும் என்பது அவர்களின் எண்ணம்.

ஆனால் நெற்பயிர் இடம் கிடைத்தால் அடியிலிருந்து மட்டம் வெடித்துப் பல கதிர்களைத் தரும். நெருக்கமாக நின்றால் ஒளிக்கும் பசளைக்கும் போட்டியிட்டு மெலிந்து உயரும். மட்டம் குறையும், கதிர் சிறுக்கும், காற்றுக்குச் சாயும். அடிப்பகுதியில் ஈரம் தங்குவதால் கபிலநிறத் தத்தியும் பெருகும். களையை அடக்க, வயலை நன்கு மட்டப்படுத்தி நீரை அளவாகக் கட்டுவதே சிறந்த வழி.

4 புசலுக்குப் பதில் 2 புசல் விதைத்தால் 42 கிலோ நெல் மிஞ்சும். குத்தினால் ஏறத்தாழ 27 கிலோ அரிசி!

விதைக்கு முன் முளைதிறனைப் பாருங்கள். 100 நெல்மணிகளை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். 85க்கு மேல் முளைத்தால் 2 புசல் போதும். 70 மட்டுமே முளைத்தால் இரண்டரைப் புசல் தேவை. மழையை எதிர்பார்த்துப் புழுதியில் விதைப்போரும் எறும்பு, பறவைச் சேதத்துக்காகச் சிறிது கூட்டலாம்.

நெல்லுக்குப் பின் பயறு

காலபோக அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் ஈரத்தில் பாசிப்பயறு இடலாம். 60 முதல் 65 நாட்களில் அது காய்த்துவிடும். ஏக்கருக்கு 12 கிலோ விதை. வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர். நீர் தேங்காதபடி வாய்க்கால் வெட்டுங்கள்.

பயற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பக்ரீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கின்றன. பூக்கும் வேளையில் ஒரு செடியைக் கிளறி எடுத்து முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. நைதரசனின் பெரும்பகுதி மணிக்குள் போய்விடுவதால், செடியை வேரோடு பிடுங்கிச் சென்றால் நிலத்துக்கு மிஞ்சுவது சொற்பமே. காயை மட்டும் ஆய்ந்து, செடியை உழுது மடியுங்கள். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது யூரியாவுக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். யூரியா முழுவதையும் பயறு ஈடுசெய்யாது; ஆயினும் நிலத்தைத் தேற்றும். நெல் இல்லாத இடைவெளியில் நெல்லின் பூச்சிகளும் உணவின்றிக் குறையும்.

மேட்டு நிலத்தில் பயறு, உளுந்து, கௌபி என ஒன்றன்பின் ஒன்றாக இடாதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் தாவும். இடையில் குரக்கன், எள்ளு அல்லது சோளம் இடுங்கள்.

இரவல் நிலத்தில் செய்வோர்

ஒரு போகத்துக்கு மட்டும் நிலம் பெற்றவர், பின்னால் வருபவருக்காக நாம் ஏன் பாடுபட வேண்டும் என்று கேட்கலாம். பயற்றின் பலன் அடுத்த நெல்லில்தான் தெரியும். ஆகவே நிலத்தைக் கேட்கும்போதே காலபோகம், பயறு, அடுத்த காலபோகம் என மூன்றுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். சொந்தக்காரருக்கும் நிலம் வளமாகத் திரும்பும்.

முழு வயலிலும் மாற்றத் துணிவில்லையா? வரம்பால் பிரிந்த இரு சம துண்டுகளில் ஒன்றை வழமைபோலவும் மற்றதை ஏக்கருக்கு 2 புசல் கணக்கிலும் விதையுங்கள். சூடடித்தபின் இரண்டையும் தனித்தனியே அளந்து பாருங்கள்.