இடது 4, வலது 6!



விளையாட்டு பீரியடில் நான் மட்டும் ஏன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பலபேர் கேட்டிருக்கீங்க. "தலைவலி" என்று சமாளிப்பேன். உண்மையான காரணம் என் ஷூ!

பிறக்கும்போதே என் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்ததாம். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டு டாக்டர்கள் நேராக்கினார்கள். இப்போ நல்லா ஓடுவேன். ஆனால் இப்படிப் பிறந்த பாதம் சரியான பிறகும் மற்றதைவிடச் சிறியதாகவே இருப்பது வழக்கம்.

கடையில் ஒரு பெட்டிக்குள் இரண்டும் ஒரே நம்பர்தான். போன வருஷம் அம்மா 3 நம்பரில் ஒன்று, 5 நம்பரில் ஒன்று என இரண்டு ஜோடி வாங்கினாங்க. 350 + 350 = 700 ரூபாய். அந்த மாசம் அவங்க ஊக்கு குத்திய பழைய செருப்போடுதான் வேலைக்கு நடந்தாங்க. எனக்கு மனசு கேட்கல.

அதனால் இந்த வருஷம், "ஒரே ஜோடி போதும்மா" என்று நடுவாக 5 நம்பர் வாங்கினேன். வலது கட்டைவிரல் நகம் கறுத்துப்போச்சு. இடது குதிகால் வழுக்கிக் கொப்புளம். இரண்டு காலுக்கும் ஆகலை!

அப்புறம்தான் பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிற தாத்தாவிடம் போனேன். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துத் தருகிறேன்.

1. அளவு எடுங்க: நம்மில் பலருக்கு இரண்டு பாதமும் கொஞ்சமாவது வித்தியாசப்படும். சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போ அளக்கணும். சுவரில் குதிகால் படும்படி காகிதத்தின் மேல் நின்று, நீளமான விரல் நுனியில் கோடு போடுங்க. இரண்டு காலையும் அளக்கணும். எனக்கு இடது 22.9 செ.மீ., வலது 24.6 செ.மீ.

2. கணக்கு: நம்ம கடைகளில் பெரும்பாலும் இங்கிலாந்து நம்பர்தான். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. வித்தியாசம். எனக்கு 17 மி.மீ., ஆக இரண்டு நம்பர்.

3. பெரிய காலுக்கே வாங்குங்க: பெரிய ஷூவைச் சிறிதாக்க வழி உண்டு. சின்ன ஷூவை நீளமாக்க முடியாது. ஒரு நம்பர் வித்தியாசம் என்றால் சின்ன காலுக்கு உள்ளே ஒரு இன்சோல், தடித்த சாக்ஸ் போதும்.

4. இரண்டு நம்பர் என்றால்: லேஸ் அல்லது ஒட்டுப்பட்டை வைத்ததையே வாங்குங்க. நுனியில் மட்டும் பஞ்சு அடைத்தால் போதாது, குதிகால் வழுக்கும். தாத்தா 6 நம்பர் ஷூவில் இடதுக்கு மட்டும் இன்சோல் வைத்து, குதிகால் பக்கம் ஸ்பாஞ்ச் தைத்துக் கொடுத்தார். கூலி 80 ரூபாய்தான்!

5. காலின் உயரமே வித்தியாசப்பட்டால்: நாமாக அட்டை வைக்கக் கூடாது, இடுப்பு வலி வரலாம். அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் காட்டணும். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியுமா? சுமார் 200 வருஷம் முன்பு வரை ஐரோப்பாவில் பல ஷூக்களுக்கு இடது வலது பேதமே கிடையாது. இரண்டையும் ஒரே மாதிரி கட்டையில்தான் தைத்தார்கள்!

கடைசியாக ஒரு வேண்டுகோள். போன வருஷம் மிஞ்சிய இடது 5, வலது 3 எங்க வீட்டில் புதுசாகவே இருக்கு. உங்க தெருவிலோ சொந்தத்திலோ என்னைப்போல, ஆனால் நேர் எதிராக, வலது கால் சிறியதாக யாராவது இருந்தால் சொல்லுங்க. சும்மாவே தருகிறேன். அடுத்த தடவை இரண்டு வீடும் சேர்ந்து இரண்டு ஜோடி வாங்கிப் பிரித்துக்கொண்டால், யாருக்கும் காசு வீணாகாது. அம்மாவும் புதுச் செருப்பு வாங்கலாம்.

அடுத்த விளையாட்டு பீரியடில் மரத்தடியில் என்னைத் தேடாதீங்க. மைதானத்தில் இருப்பேன்!

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு