செம்பூரில் எரியும் போர்னியோ கரி

மும்பை மாட்டுங்கா வீடுகளில் கிரைண்டர் ஓடுவது ‘பெஸ்ட்’ நிறுவனம் தரும் மின்சாரத்தில். பெஸ்ட் அதை நெடுங்காலமாக டாடா பவரிடம் வாங்கி வருகிறது. செம்பூரை ஒட்டிக் கடலோரம் நிற்கும் டாடாவின் டிராம்பே அனல்மின் நிலையத்தில் எரிவது, சாம்பலும் கந்தகமும் குறைந்த இந்தோனேசியக் கரி. 2007-ல் டாடா பவர், போர்னியோ தீவின் இரண்டு சுரங்க நிறுவனங்களில் 30 சதவீதப் பங்கை ஏறத்தாழ 110 கோடி டாலருக்கு வாங்கியது.

ஒரு முன்னாள் காலனியின் முதலாளி இன்னொரு முன்னாள் காலனியில் சுரங்கம் வாங்குகிறார். இதற்கு 1960களிலேயே பெயர் வைத்தவர் பிரேசிலின் ரூய் மவுரோ மரினி. 1964 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தவர். ‘துணை ஏகாதிபத்தியம்’ என்றார். கூலியை ஒட்டப் பிழியும் நாட்டில் ஆலைகள் பெருகும். சரக்கை வாங்கத் தொழிலாளியிடம் காசு இருக்காது. தாராவியில் தோல்பை தைப்பவர் அதே பையைக் கடையில் விலை கேட்பாரா? உள்ளூரில் சந்தை சுருங்கியதும் மூலதனம் எல்லை தாண்டுகிறது. மேலே உள்ள வல்லரசோடு உரசிக்கொண்டே ஒத்துப்போகிறது.

இந்தியாவுக்கு இது பாதிதான் பொருந்தும் என்பேன். குஜராத்தில், மகாராஷ்டிரத்துக்கும் மின்சாரம் தருவதற்கென அமைந்த டாடாவின் முந்த்ரா நிலையம் 4,000 மெகாவாட். இந்தோனேசியக் கரியை நம்பி, யூனிட் 2 ரூபாய் 26 காசு என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். 2010-ல் இந்தோனேசியா ஒரு விதி கொண்டுவந்தது: சந்தை விலைக்குக் கீழே கரி விற்கக் கூடாது. முந்த்ராவுக்குப் பெரும் நட்டம். வெளிநாட்டுச் சட்டம் மாறியதைக் காட்டிக் கூடுதல் கட்டணம் கேட்க முடியாது என்று 2017-ல் நம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கீழே இருப்பதாகக் கோட்பாடு சொன்ன நாடு, விலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. சுரங்கத்தில் பங்கு இருந்ததால் விட்டதில் கொஞ்சம் லாபமாகத் திரும்பியது வேறு கதை.

மேலே இருப்பவரும் முந்த்ராவில் தெரிகிறார். உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. அதற்கு 45 கோடி டாலர் கடன் தந்தது. நிலையத்தின் வெந்நீர் கடலில் கலந்து மீன்பாடு குறைந்தது என்று கட்ச் மீனவர்கள் வாஷிங்டனில் ஐ.எஃப்.சி. மீதே வழக்குப் போட்டார்கள். ஐ.எஃப்.சி.க்கு வழக்குகளிலிருந்து முழு விலக்குரிமை கிடையாது என்று 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அங்கே தள்ளுபடி ஆனது: புகாரின் மையமான செயல்கள் நடந்தது இந்தியாவில், ஆகவே அமெரிக்காவில் விசாரிக்க இடமில்லை.