ஆழ்துளைக் கிணறு: சில சொற்களும் அவற்றின் பொருளும்

"கிணறு 90 மீட்டர், தண்ணீர் 30-இல்" என்று துளையிட்டோர் கூறிச் செல்வதைக் களப் பணியாளர் பலரும் கேட்டிருப்பர். இங்கு 30 என்பது ஊற்றுக் கண்ட ஆழமா, நீர் எழும்பி நின்ற மட்டமா, இறைக்கும்போது தாழ்ந்த மட்டமா என்பது விளங்குவதில்லை. இம்மூன்றும் வெவ்வேறு அளவுகளாகும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டு பம்பு வாங்குவோர் பணத்தை இழப்பர். சில வேளை கிணற்றையும் இழப்பர்.

நீர்தாங்கி

கொச்சியை அடுத்த காக்கநாட்டை எடுத்துக்கொள்வோம். இம்மேட்டு நிலத்தில் மேலே இருப்பது, அவ்வூரார் வெட்டுக்கல் என வழங்கும் செம்புரைக் கல். அது நுண்துளைகள் மிக்கது. மழைநீரை எளிதில் ஏற்கும், கோடையில் விரைவில் வடித்தும் விடும். அதன் அடியில் உள்ள கடும்பாறையிலோ வெடிப்புகளில் மட்டுமே நீர் உண்டு. இவ்வாறு நீரைத் தேக்கிக் கிணற்றுக்கு அளிக்கவல்ல அடுக்கு 'நீர்தாங்கி' எனப்படும்.

துளையும் காப்புக் குழாயும்

கடும்பாறையில், அழுத்தக் காற்றால் இயங்கும் சம்மட்டி துளையின் அடியில் நின்று பாறையைத் தகர்க்கிறது. அக்காற்றே பாறைத் தூளை மேலே கொணர்கிறது. மேலுள்ள தளர்ந்த மண் சரியாதிருக்கவும், மேற்பரப்பின் அழுக்கு நீர் இறங்காதிருக்கவும், கெட்டிப் பாறை வரை இறக்கப்படுவது 'காப்புக் குழாய்'. மணற்பாங்கான இடங்களில் நீர்தாங்கிக்கு நேராகத் துளைகளிட்ட 'வடிகுழாய்' பொருத்தப்படும்.

மட்டமும் இறக்கமும்

இறைக்காமல் விட்ட கிணற்றில் நீர் நிற்கும் ஆழம் 'நிலை நீர்மட்டம்'. இறைக்கும்போது தாழ்ந்து நிற்பது 'இறைப்பு நீர்மட்டம்'. இரண்டிற்கும் உள்ள வேறுபாடே 'இறக்கம்'.

மேற்கூறிய கிணற்றில் நிலை நீர்மட்டம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 லிட்டர் வாளி 20 விநாடியில் நிரம்பினால், நிமிடத்திற்கு 54 லிட்டர் வருகிறது. சில மணி நேரம் இவ்வாறு இறைத்தபின் நீர் 30 மீட்டரில் நிலைத்தால், இறக்கம் 18 மீட்டர். 54-ஐ 18-ஆல் வகுக்க, மீட்டருக்கு 3 லிட்டர் கிடைக்கும். இது கிணற்றின் 'ஒப்புத் திறன்'. பின்னொரு ஆண்டில் இதே அளவில் இறைத்தும் இது குறைந்து காணுமாயின், கிணறு நலிகிறது என்று அறியலாம்.

இனி, பம்பு நீரை உயர்த்த வேண்டியது 90 மீட்டர் அன்று. 30 மீட்டருடன் தொட்டியின் உயரத்தையும் குழாய் உராய்வையும் சேர்த்தால் போதும். 90-க்கு வாங்கிய பம்பு ஊற்றை மீறி இறைக்கும்; கிணறு வறள, மோட்டார் எரியும்.

தரையில் வைத்து உறிஞ்சும் பம்பும் இங்கு உதவாது. காற்றழுத்தம் நீரைக் கொள்கையளவில் சுமார் 10.3 மீட்டரும், நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டருமே உயர்த்தும். ஆகவே நீர்மூழ்கிப் பம்பு தேவைப்படுகிறது.

மட்டாஞ்சேரி போன்ற கடலோர நிலத்தில் இறக்கம் மற்றோர் அபாயத்தையும் தரும். கடலோர மணற்பாங்கில், கடல் மட்டத்திற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீரும் அடியில் ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீரைத் தாங்குகிறது. மேலே சிறிது குறைந்தாலும் உப்பு நீர் கீழிருந்து எழும்.

கைவிட்ட துளை

நீரற்ற துளையைத் திறந்து விடுதல் பெருங்குற்றமாகும். 2019-இல் மணப்பாறை அருகே அத்தகைய துளையில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தை உயிருடன் மீட்கப்படவில்லை. கைவிட்ட துளையை அடி முதல் தரை வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்புமாறும், பயனிலுள்ள கிணற்றை எஃகுத் தகட்டாலோ திருகாணி மூடியாலோ மூடுமாறும் உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. ஆசிரியர்கள் இதனை மாணவர் வாயிலாக ஒவ்வொரு வீட்டிற்கும் எட்டச் செய்தல் வேண்டும்.

களப் பணியாளர் எந்த அளவைக் குறித்தாலும் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுவாராக: எம்மட்டம்? எந்நாளில் அளந்தது? எவ்வளவு இறைத்தபின்? இவையின்றி எழுதப்படும் எண்ணால் பயனில்லை.