பாடசாலைச் செய்தி பெற்றோர்க்கு எட்டும் வழி

கூட்டுறவுச் சங்கமொன்றில் மகாசபை கூட்ட வேண்டுமானால், கூட்டம் நடைபெறும் நாள், நேரம், இடம், ஆலோசிக்கப்படும் விஷயங்கள் ஆகியவற்றை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமென்பது நாமெல்லாரும் அறிந்ததே. அறிவிப்புச் சரிவரக் கொடுக்கப்படவில்லையென்றால் அக்கூட்டத்தின் தீர்மானங்களே ஆட்சேபணைக்குள்ளாகும். ஆனால், அதே அங்கத்தினர்களின் குழந்தைகள் வாசிக்கும் ஆரம்பப் பாடசாலையில் ஒரு கூட்டமோ, விழாவோ, வைத்தியப் பரிசோதனையோ நடக்கவிருக்கும்போது, அச்செய்தி வீடுதோறும் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பார் அநேகமாய் ஒருவருமில்லை. இதைப்பற்றிச் சங்க அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு கிராமத்தில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சங்கக் கட்டடத்துக்கு எதிரே பாடசாலை. அன்று மாலை அதன் ஆண்டு விழா. காரியதரிசி அழைத்ததன்பேரில் நானும் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நீண்டதொரு பாட்டைப் பிழையின்றிப் பாடினான். பாடிக்கொண்டிருக்கையிலேயே அவன் பார்வை அடிக்கடி வாயிற்பக்கம் போயிற்று. கைதட்டல் முடிந்தபின்னும் அவன் மேடையைவிட்டு இறங்காமல் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் நியாய விலைக் கடையில் அரிசி வாங்க வந்த அவனுடைய தாயாரைக் கண்டேன். “எனக்கு யாரும் சொல்லவில்லையே ஐயா! நாற்று நடவுக்குப் போயிருந்தேன். தெரிந்திருந்தால் ஒரு நாள் கூலி போனாலும் போகட்டுமென்று வந்திருப்பேன்” என்றார் அந்த அம்மாள். தலைமை உபாத்தியாயினியை விசாரித்தபோது அவரும் வருந்தினார். மூன்று தினங்களுக்கு முன்னரே வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்பிவிட்டதாகக் கூறி, அதைக் காண்பிக்கவும் செய்தார். இருவர் சொன்னதும் உண்மையே. அவ்வீட்டிலிருந்த ஒரே கைபேசி, திருப்பூரில் வேலை செய்யும் தகப்பனாரின் சட்டைப்பையில் இருந்தது.

அனுப்பிய செய்தி வேறு, எட்டிய செய்தி வேறு. கைபேசிக் குழுவை நான் குறை கூறவில்லை. மழையின் காரணமாகக் கலெக்டர் விடுமுறை அறிவிக்கும் காலைப்பொழுதில் அதைவிட விரைவான சாதனம் வேறில்லை. அன்று செய்தி எட்டாத வீட்டுப் பிள்ளை நனைந்துகொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும். 2022-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி ஆரம்பிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 25-ஆம் தேதி முதல் மாகாணமெங்குமுள்ள அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளுக்கு விஸ்தரிக்கப்பட்ட காலைச் சிற்றுண்டித் திட்டம் பாடசாலை நடைபெறும் நாட்களுக்கே உரியதாகையால், அப்பிள்ளை வெறும் வயிற்றோடு திரும்புமென்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஆகவே கைபேசி இருக்கட்டும். அது ஒன்றே போதுமென்று இருந்துவிடலாகாது என்பதே என் கருத்து.

முற்காலத்தில் ஊர்ச் செய்திகளைத் தண்டோராப் போட்டு அறிவிப்பது வழக்கம். அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியை உபயோகிக்கும்படி 2022-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்கு எழுதினார். ஒரு மனிதனைத் தெருத்தெருவாய்ப் பறை கொட்டச் செய்தது நமக்குப் பெருமை தருவதன்று. அது நின்றது நன்றே. எனினும், எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் காதிலும் விழும்படி செய்தி சொல்லவேண்டிய கடமை நின்றுவிடவில்லை.

இங்கேதான் சங்கம் உதவக்கூடும். பாடசாலைக்குள் வருஷத்தில் ஒருமுறைகூட நுழையாத பெற்றோரும் நியாய விலைக் கடைக்கு மாதந்தோறும் வருகிறார்கள். அக்கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. பால் சங்கமுள்ள ஊர்களில் காலையும் மாலையும் பால் ஊற்ற வருவோர் வரிசையில் நிற்கிறார்கள். இவ்விரண்டிடங்களிலும் ஒரு கரும்பலகை வைத்து, பாடசாலைச் செய்தியை எழுதுவதோடு, எடை போடும் குமாஸ்தா அதை வாயாலும் ஒருமுறை சொல்லிவிட்டால், கைபேசி இல்லாத வீட்டுக்கும் செய்தி போய்விடும். இதற்குச் சுண்ணக்கட்டியைத் தவிர வேறு செலவில்லை. பலகை வாங்குவதற்குப் பொதுநல நிதியிலிருந்து கொடுக்கலாமா என்பதைச் சங்கத்தின் துணை விதிகளைப் பார்த்து, நிர்வாகக் குழுவில் தீர்மானம் செய்துகொள்ளலாம்.

பலகையில் எழுதத் தகுந்தவை எவை என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். விழா, கூட்டம், விடுமுறை, வைத்தியப் பரிசோதனை, சேர்க்கை, பரீட்சை நாட்கள் ஆகியவை ஊருக்குப் பொதுவானவை. ஒரு பிள்ளை பாடசாலைக்குச் சரியாய் வருவதில்லை, கணக்கில் பின்தங்கியிருக்கிறது என்பன போன்றவை அந்தத் தாய் தந்தையருக்கும் உபாத்தியாயருக்கும் மட்டுமே உரியவை. கடன் தவணை தவறியவரின் பெயரைப் பலரறியப் படிக்கும்போது அவர் முகம் எப்படி வாடுகிறதென்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதும் முறையும் முக்கியமானது. “பெற்றோர் அனைவரும் தவறாது வருகை தரவும்” என்றுமட்டும் எழுதினால் யாரும் வருவதில்லை. எந்தக் கிழமை, எந்தத் தேதி, எத்தனை மணி, எதற்காக, எவ்வளவு நேரம் ஆகும், கையில் ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்பவை தெளிவாயிருத்தல் வேண்டும். பணம் வசூலிப்பதற்கல்லவென்றால் அதையும் எழுதிவிடுவது உத்தமம். பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தாலே பணம் கேட்பார்களோ, பிள்ளையைப்பற்றிக் குறை சொல்வார்களோ என்று அஞ்சி ஒதுங்குவோர் அநேகர். நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போகும் தாய்மார் எவ்வாறு வருவர்? வேலை விட்டு வந்தபின் மாலையில் அரைமணி நேரம் வைத்தால் வருவார்கள்.

வருஷத்தில் பெற்றோர் கவனிக்கவேண்டிய நாட்கள் பல. ஜூன் மாதத்தில் சேர்க்கை. ஜூலை 15, 1903-ஆம் வருஷம் பிறந்த ஸ்ரீ காமராஜரின் ஜன்ம தினம். அது கல்வி வளர்ச்சி நாளாகப் பாடசாலைகளில் கொண்டாடப்படுகிறது. ஆகஸ்டு 15-ஆம் தேதி கொடியேற்றத்தோடு கிராம சபையும் கூடுவதால், பாடசாலைச் சுவரோ குடிதண்ணீரோ சீர்ப்பட வேண்டுமானால் அதைச் சபையில் எடுத்துரைக்க அதுவே தகுந்த சமயம். காலாண்டு, அரையாண்டுப் பரீட்சைகளைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

குடற்புழு நீக்கும் மாத்திரை கொடுக்கும் நாளைப்பற்றி மாத்திரம் சற்று விரிவாய்ச் சொல்லவேண்டும். 2015-ஆம் வருஷம் முதல் தேசிய அளவில் நடந்துவரும் இவ்வேலை பெரும்பாலும் பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் வருகிறது. முன்னறிவிப்பின்றி மாத்திரை கொடுத்தால், மாலையில் ஒரு குழந்தைக்கு வயிற்றுவலி கண்டவுடன் ஊரெல்லாம் வதந்தி பரவுகிறது. அடுத்த தடவை பாதி வகுப்பு காலியாகிவிடுகிறது. கொடுக்கப்படுவது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை. அதை நன்றாய் மென்று விழுங்க வேண்டும். வயிற்றில் புழுக்கள் மிகுந்திருக்கும் குழந்தைக்குச் சிறிது குமட்டலோ வயிற்றுவலியோ கண்டு தானே தணியும். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடுப்பதில்லை, பின்னொரு நாளில் கொடுப்பார்கள். இவ்வளவையும் இரண்டு நாள் முன்னதாகத் தாய்மாருக்குச் சொல்லிவிட்டால் வதந்திக்கு இடமேது?

பள்ளி மேலாண்மைக் குழுவைப்பற்றியும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி, அரசாங்கப் பாடசாலைகளிலும் உதவி பெறும் பாடசாலைகளிலும் இக்குழு அமைக்கப்படுகிறது. இதில் முக்கால் பங்குக்குக் குறையாதவர்கள் பெற்றோராகவும் பாதுகாவலராகவும் இருக்கவேண்டும், பாதிப்பேர் ஸ்திரீகளாயிருக்கவேண்டும். பாடசாலை நடைபெறும் விதத்தைக் கண்காணித்தல், அபிவிருத்தித் திட்டம் தயாரித்தல், வரும் மானியம் செலவாகும் முறையைப் பார்த்தல் ஆகியவை இதன் வேலைகள். உதவி பெறும் பாடசாலைகளில் மட்டும் இக்குழு ஆலோசனை கூறலாமேயன்றி வேறில்லை. பெயரைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகாத நிர்வாகக் குழு அங்கத்தினரால் சங்கம் எந்நிலைக்கு வருமென்பது நமக்குத் தெரிந்ததுதானே. தீர்மானப் புத்தகம் எழுதுவது, சென்ற கூட்டத்து நடவடிக்கைகளை வாசிப்பது ஆகியவற்றில் சங்க அங்கத்தினர்களுக்குள்ள பழக்கம் இக்குழுவுக்கு மிகவும் பயன்படும்.

இன்றைய திருவள்ளூர் ஜில்லாவிலுள்ள திரூரில்தான் 1904-ஆம் வருஷத்தில் இம்மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. அதே ஜில்லாவைச் சேர்ந்த கடம்பத்தூரில் 1958-ஆம் வருஷம், ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இலாகாவின் தலைவராயிருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மகாநாடு கூடியது. அவ்வியக்கத்தில் ஊரார் தாங்களாகவே முன்வந்து தங்கள் பாடசாலைகளுக்குக் கட்டடமும் தளவாடங்களும் அளித்தார்கள். பாடசாலைக்கு வேண்டியது இன்னதென்று ஊராருக்குத் தெரிந்ததனால்தான் அவர்கள் கொடுக்க முடிந்தது.

செய்தி ஒருவழிப் போக்காயிருத்தலும் கூடாது. கரும்பு வெட்டுக்கோ செங்கற்சூளைக்கோ குடும்பத்தோடு வெளியூர் செல்பவர்கள், போகுமுன் உபாத்தியாயரிடம் சொல்லிவிட்டால், போகுமிடத்துப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க அவர் வழி சொல்வார். நேரில் பேசக் கூச்சப்படுவோருக்காகச் சங்கக் குமாஸ்தா ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.

முற்கூறிய கிராமத்தில் இப்போது கடைவாயிலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். சென்ற தடவை நான் போனபோது, முடிந்துபோன கூட்டத்தின் தேதி அதில் பத்து நாட்களாக அழிக்கப்படாமலே இருந்தது. பழைய செய்தி கிடந்தால் புதிய செய்தியையும் யாரும் படிக்கமாட்டார்களென்று காரியதரிசியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அழிக்கும் பொறுப்பை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்.