கிணற்றுப் பம்பு நீர் இறைக்கத் தவறுவது ஏன்?

கிணற்றில் நீர் இருக்கும், மோட்டாரும் சுழலும், ஆயினும் குழாயில் நீர் வாராது. கோடையில் வீடுகளில் இவ்வாறு நேர்வதுண்டு. உடனே பம்பு கெட்டதெனக் கருதிப் புதியது வாங்குவோர் பலர். பம்பு நீரை மேலேற்றும் முறையை அறிந்துகொண்டால் இவ்வீண்செலவைத் தவிர்க்கலாம்.

தரைமேல் பொருத்தப்படும் பம்பு நீரை இழுப்பதில்லை. அது உறிஞ்சுகுழாயினுள் அழுத்தத்தைக் குறைக்கிறது; கிணற்று நீர்ப்பரப்பை அழுத்தும் வெளிக்காற்றே நீரைக் குழாயில் மேலேற்றுகிறது. உறிஞ்சு பம்பு ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற இயலாமையைக் கலிலியோ 1638-இல் வெளியான தமது நூலில் குறிப்பிட்டார். காற்றின் எடையே நீரை ஏற்றுவது என்பதை டாரிசெல்லி 1644-இல் எழுதிய கடிதத்தில் விளக்கினார்.

கடல் மட்டத்தில் இவ்வெல்லை 10.3 மீட்டர். குழாயின் உராய்வு முதலிய இழப்புகளைக் கழித்தால், சென்னை, டில்லி போன்ற சமவெளி நகரங்களில் 6 அல்லது 7 மீட்டரே நடைமுறைக்கு உகந்தது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆதலால் அங்கு 4 அல்லது 5 மீட்டருக்கு மேல் எதிர்பார்த்தல் கூடாது. கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழமான கிணறுகளில் உட்சுவரில் மேடை அமைத்துப் பம்பைக் கீழே வைத்ததன் காரணமும் இதுவே. நீர்மூழ்கி பம்பு கீழிருந்து நீரைத் தள்ளுவதால் அதற்கு இவ்வெல்லை இல்லை.

பம்பைப் பொருத்தும்போது கோடைக்கால நீர்மட்டத்தையே கணக்கிற் கொள்ள வேண்டும். உறிஞ்சுகுழாய் குறுகிய நீளமும் குறைந்த வளைவுகளும் உடையதாய், பம்பை நோக்கிச் சீராக உயர்ந்து செல்ல வேண்டும். இடையில் மேடு இருப்பின் அங்கே காற்றுத் தங்கும். அடிவால்வு சேற்றைத் தொடாமலும் எப்போதும் நீரில் மூழ்கியும் இருத்தல் அவசியம்.

நீர் வாராவிடில் முதலில் மின்சாரத்தை நிறுத்துக. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, பம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே உள்ளதென அளந்து பார்க்க. அது எல்லையைக் கடந்திருப்பின் பம்பில் குற்றமில்லை. எல்லைக்குள் இருப்பின், உறிஞ்சுகுழாயையும் பம்பையும் நீரால் நிரப்பிச் சிறிது நேரம் காத்திருக்க. நிரப்பிய நீர் இறங்கினால் இணைப்புகளைச் சோதிக்க வேண்டும். ஈரம் கசியும் இணைப்பு, பம்பு ஓடுகையில் காற்றை உள்ளே விடும். இணைப்புகள் உலர்ந்திருப்பின் அடிவால்வில் குப்பை சிக்கியிருக்கலாம், அல்லது அது தேய்ந்திருக்கலாம். நீர் இறங்காது நின்றும் பம்பு இறைக்காவிடில், வடிகட்டி அடைப்பையும் மின்னழுத்தக் குறைவையும் ஆராய்க. நீரின்றிப் பம்பை ஓட்டலாகாது. அதன் அடைப்பான் கருகிவிடும்.

அடிவால்வைச் சரிசெய்ய எவரும் தனியே கிணற்றில் இறங்குதல் கூடாது. குழாயையே மேலே தூக்கிப் பார்ப்பது நன்று. பாழடைந்த கிணற்றில் உயிர்வளி குறைந்திருக்கக் கூடும். மயங்கியவரை மீட்க இறங்கியவரும் மாண்டதுண்டு. இவ்வெச்சரிக்கையை ஊழியரும் ஆசிரியரும் மக்களுக்குத் தவறாது எடுத்துரைத்தல் வேண்டும்.