ஒரு கணக்கிற்கு எத்தனை இணைப்பு?

தரவுத்தளச் சேவையகம் ஒன்றில், ஒரு பயனர் கணக்கு ஒரே வேளையில் எத்தனை இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம்? இவ்வினாவிற்கு விடை வகுக்காமல் விடுவதால் விளையும் இடர் யாது, வகுக்கும் முறை யாது என்பனவே இப்பொழிவின் பொருள்.

இணைப்பு என்பது யாது?

தரவுத்தளத்தை நாடும் செயலி ஒவ்வொன்றும் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் காட்டி உள்ளே நுழைகிறது. நுழைந்தது முதல் வெளியேறும் வரை நீடிக்கும் தொடர்பே இணைப்பு. ஒரே வேளையில் திறந்திருப்பவற்றை 'உடனிகழ் இணைப்புகள்' எனலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை நுழையலாம் என்பது வேறு வரம்பு. அதனை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது.

இணைப்பு வேலையின்றி வாளா இருந்தாலும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனியொரு செயல்முறையைத் தொடங்குகிறது. மைஎஸ்கியூஎல் வழக்கமாக ஓர் இழையை ஒதுக்குகிறது. இரண்டும் நினைவகத்தைச் செலவிடுவன. ஆதலின் இடங்களுக்கு எல்லை உண்டு. நிர்வாகி மாற்றாதவரை, மைஎஸ்கியூஎல் 151 இணைப்புகளையும் போஸ்ட்கிரெஸ் பொதுவாக 100 இணைப்புகளையும் ஏற்கும்.

மொத்த வரம்பு மட்டும் போதுமா?

மருத்துவமனை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நோயாளர் பதிவு, மருந்தகம், மாதாந்தர அறிக்கை ஆகிய மூன்று செயலிகள் ஒரே மைஎஸ்கியூஎல் சேவையகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அறிக்கைச் செயலியை எழுதியவர், வேலை முடிந்ததும் இணைப்பை மூடும் கட்டளையை எழுதாது விட்டார் எனக் கொள்க. ஒவ்வோர் அறிக்கைக்கும் ஓர் இணைப்புத் திறக்கும், ஒன்றும் மூடாது. வாளா இருக்கும் இணைப்பைச் சேவையகம் தானே துண்டிப்பதற்கு, அமைப்பை மாற்றாதவரை, 28,800 நொடிகள் ஆகும். அஃதாவது 8 மணி நேரம். அதற்குள் 151 இடங்களும் நிரம்பிவிடலாம். அப்போது மருந்தகம் நுழைய முயன்றால் 'இணைப்புகள் மிகுந்துவிட்டன' என்னும் பிழைச்செய்தியே கிட்டும். பிழை அறிக்கைச் செயலியில். காத்து நிற்பவரோ மருந்துச் சீட்டுடன் வந்த நோயாளர்.

மொத்த எண்ணை 500 ஆக உயர்த்தினால் தீராதா எனின், தீராது. மூடாத இணைப்புகள் 500ஐயும் நிரப்பும். சற்றுக் கூடுதல் நேரமாகும், அவ்வளவே. மொத்த வரம்பு சேவையகத்தின் நினைவகத்தைக் காக்கிறது. ஒரு பயனரின் பிழையிலிருந்து மற்றொரு பயனரைக் காப்பது கணக்குதோறும் இடப்படும் வரம்பே.

வரம்பிடும் முறை

மைஎஸ்கியூஎல்லில் 'மேக்ஸ் யூசர் கனெக்ஷன்ஸ்' என்னும் அமைப்பு எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக வரம்பு வகுக்கும். தனிக் கணக்கிற்கு வேறு எண் குறித்தால் அதுவே செல்லும். போஸ்ட்கிரெஸில் 'கனெக்ஷன் லிமிட்' என்பதனைக் கணக்குதோறும் குறிக்கலாம். ஓர் எச்சரிக்கை: மைஎஸ்கியூஎல்லில் பொது அமைப்பிலும் தனிக் கணக்கிலும் 0 இருந்தால் வரம்பே இல்லை என்று பொருள். போஸ்ட்கிரெஸில் வரம்பின்மையைக் குறிப்பது கழித்தல் 1. அங்கே 0 என எழுதினால் சாதாரணக் கணக்கு நுழையவே இயலாது.

எண்ணைத் தேர்வதற்குக் கணக்கு வேண்டும். பதிவுச் செயலி 4 படிகளாக இயங்கி, ஒவ்வொன்றும் 10 இணைப்புகள் வரை வைத்திருக்குமாயின் தேவை 40. வரம்பையும் 40 என்றே வைத்தால், புதிய பதிப்பை ஏற்றும்போது இடர் வரும். பழைய படியும் புதிய படியும் சிறிது நேரம் உடன் இயங்குமன்றோ? ஒவ்வொரு படியாக மாற்றுவோர்க்கு 50 போதும். மருந்தகத்திற்கு 50, அறிக்கைக்கு 20 எனின் கூட்டுத்தொகை 120. எஞ்சிய 31 இடங்கள் பிற பணிகளுக்கு உதவும்.

மூன்று நிபந்தனைகள்

முதலாவது, செயலிக்கு ஒரு கணக்கு வேண்டும். மூன்று செயலிகளும் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் வரம்பிட்டும் பயனில்லை. மைஎஸ்கியூஎல்லில் கணக்கு என்பது பெயரும் கணினியின் முகவரியும் சேர்ந்தது. ஒரே பெயரை இரு முகவரிகளுக்குத் தனித்தனியே பதிந்தால், அவை இரு கணக்குகளாகவே எண்ணப்படும்.

இரண்டாவது, நிர்வாகக் கணக்கைச் செயலிக்குத் தரலாகாது. எல்லா இடமும் நிரம்பிய வேளையிலும் நிர்வாகி நுழைந்து சீர்செய்வதற்காக மைஎஸ்கியூஎல் கூடுதலாக ஓரிடமும், போஸ்ட்கிரெஸ் மொத்தத்திற்குள் 3 இடங்களும் ஒதுக்கி வைக்கின்றன. செயலி அவ்வுரிமையோடு நுழைந்தால் அவ்விடங்களையும் நிரப்பிவிடும். நிர்வாகியே வெளியில் நிற்க நேரும்.

மூன்றாவது, இடம் மறுக்கப்பட்ட செயலி சற்றுப் பொறுத்து, இடைவெளி விட்டு மீண்டும் முயலுமாறு எழுதப்பட வேண்டும். நொடிக்கு நூறு முறை கதவைத் தட்டுவதும் சேவையகத்துக்குச் சுமையே.

இவ்வாறு வகுத்த வரம்பு, மூடாத இணைப்பைத் தானே மூடிவிடாது. நிரலைத் திருத்துவது எழுதியவர் கடன். எனினும், 20 இடங்கள் நிரம்பியதும் நின்றுபோவது அறிக்கை மட்டுமே. பிழைச்செய்தி அதற்குரியவரிடமே சென்று சேர்கிறது. மருந்தகத்தில் வரிசை தடையின்றி நகர்கிறது.