பிள்ளைகளின் இராப்போசனம்: இடியப்பமும் முட்டைச் சொதியும்



"பிள்ளை இரவிலே ஒழுங்காகச் சாப்பிடுகின்றான் இல்லை" என்பது, பாடசாலை அதிபராகிய நான் பெற்றோரிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. இரவு உண்ணாது உறங்கிய பிள்ளை மறுநாள் முதற்பாடத்திலேயே சோர்ந்துவிடுகின்றது. பல வீடுகளில் இதற்குக் காரணம், பெரியோருக்கென ஆக்கிய கறியின் உறைப்பேயாகும்.

மேனாட்டுத் தாய்மார் மக்கரோனியை அவித்து, பாலும் பாற்கட்டியும் சேர்த்துப் போறணையில் வாட்டிக் கொடுப்பர். அதன் மென்மையும் உறைப்பின்மையும் பிள்ளைகளைக் கவர்வன. யாழ்ப்பாணத்து அடுக்களையில் அவ்விரண்டையும் தருவது இடியப்பமும் சொதியும்.

வறுத்த சிவப்பரிசி மா 2 கோப்பை எடுத்து, உப்பிட்டு, நன்கு கொதித்த நீரைச் சிறிது சிறிதாக விட்டு அகப்பைக் காம்பினாற் குழைத்தல் வேண்டும். கோதுமை மாவிலே பசைத்தன்மை தரும் புரதம் உண்டு. அரிசி மாவில் அஃது இல்லை. கொதிநீர் பட்டு மாப்பொருள் வீங்கிப் பசையானால்தான் இழை அறாது வரும். நீர் ஆறியிருப்பின் இடியப்பம் உதிர்ந்துவிடும். உரலிலிட்டுத் தட்டுகளிற் பிழிந்து, ஏறக்குறைய 10 நிமிடம் ஆவியில் அவித்தெடுக்கலாம்.

சொதிக்கு, வெங்காயம், கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், மஞ்சள், உப்பு ஆகியவற்றைத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிடுக. பச்சை மிளகாய் ஒன்றைக் கீறாது முழுதாக இட்டால் மணம் வரும். உறைப்பு அதிகம் இறங்காது. பரிமாறுமுன் அதனை எடுத்துவிடுக. பின் முதற்பாலை விட்டுத் துழாவி, நுரைத்து வருகையில் இறக்குக. சற்று ஆறியபின்னரே தேசிக்காய்ப்புளி விடல் வேண்டும். அடுப்பிலிருக்கையில் விட்டாற் பால் திரைந்துவிடும்.

இடியப்பமும் தேங்காய்ப்பாலும் மட்டும் வளரும் பிள்ளைக்குப் போதா. ஆதலின், அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து சொதியிலிடுக. முட்டை உண்ணாதோர் நன்கு அவித்து மசித்த பருப்பைக் கரைக்கலாம்.

இன்னொன்று: கை பொறுக்கும் சூட்டுக்கு மா ஆறியதும், ஒரு தட்டையேனும் பிள்ளையையே பிழியச் சொல்லுங்கள். கொதிநீரும் ஆவிப்பானையும் தாயின் பொறுப்பிலேயே இருக்கட்டும். கோணலாயினும், தான் பிழிந்த இடியப்பத்தைப் பிள்ளை ஆவலோடு உண்ணும். அன்றிரவு அதன் வயிறும் நிறையும். மறுநாட் காலையில் வகுப்பாசிரியரும் மகிழ்வார்.